வயலுக்கு நடுவே நகரம்: குமரியில் ஒரு களப்பயிற்சி

2024 ஜூலை 7, ஞாயிறு. நாகர்கோவில்

ஆரல்வாய்மொழி வந்ததும் ரயில் பெட்டிக்குள் காற்று புகுந்து, எதிரே இருந்தவரின் நாளிதழைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆனி, ஆடியில் இந்தக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். கணவாய் தாண்டியதும் வெயில் காணாமல் போய்ச் சாரல் பிடித்துக்கொண்டது. மதுரையில் வியர்க்க வியர்க்க ஏறியவள், நாகர்கோவிலில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன்.

வந்த காரியம் இது. நகர்ப்புறப் பொதுக் கொள்கையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு வாரக் களப்பயிற்சி. பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் தருமபுரியில் குடிநீர் வாரியக் கணக்குகளைப் படிக்கிறார். கோவைத் தோழி ஒருத்தி சாலையோர வியாபாரிகளைப் பற்றி எழுதுகிறாள். என்னுடையது பேரூராட்சிகளில் குப்பை மேலாண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடம் படிக்க வேண்டும். ஆய்வு நெறிமுறையும் அதில் சேர்த்தி. நானும் படித்துத் தேறியிருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு நடையில் நின்று எப்படிப் பேச்சைத் தொடங்குவது, அவர் 'வேண்டாம்' என்றால் எப்படி மரியாதையாகத் திரும்பி வருவது என்பதை நான் படித்த பாடம் எதுவும் சொல்லித் தரவில்லை. கொள்கை என்று நாம் எழுதுவதெல்லாம் அந்த நடையில்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ போய் இறங்குகிறது. அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும் ஒரு நொடிகூட யோசிக்காமல் வந்துவிட்டேன்.

சாயந்திரம் வடசேரிப் பக்கம் ஒரு கடையில் ரசவடை. பருப்பு வடையைச் சுடச்சுட ரசத்தில் ஊறவைத்துக் கிண்ணத்தில் தருகிறார்கள். வடை 10 ரூபாய், டீ 12. சாரலுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. கடைக்காரர் "எங்கேருந்து வாறிய மக்கா?" என்று கேட்டார். மதுரை என்றதும் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஜூலை 8, திங்கள். வகுப்பறை

இன்று முழுக்க உள்ளேயே. பயிற்சி நடத்தும் பேராசிரியை முப்பது வருடமாகக் கணக்கெடுப்புகளில் ஊறியவர். முதல் கேள்வியே "ஏன் சென்னை இல்லாமல் இங்கே வந்திருக்கிறோம்?" என்பதுதான். ஆளுக்கு ஒன்று சொன்னோம். அவர் பலகையில் ஒரு எண்ணை எழுதினார்: 82.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்து மக்களில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம். மாநில சராசரியோ 48 சதவீதம்தான். ரயிலில் வரும்போது நான் பார்த்ததெல்லாம் தென்னை, வாழை, வயல், குளம். அப்படியானால் அந்த நகரம் எங்கே இருக்கிறது?

விடை நிர்வாக அமைப்பில் இருக்கிறது. இங்கே மாநகராட்சி ஒன்றுதான், நாகர்கோவில். அதுவும் 2019-இல்தான் நகராட்சியிலிருந்து உயர்ந்தது. குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு என்று 2024-இல் நாலு நகராட்சிகள். மிச்சமெல்லாம் பேரூராட்சிகள், ஐம்பதுக்கும் மேலே. கிராம ஊராட்சிகள் 95 மட்டுமே. பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் கணக்கெடுப்பில் அது நகரம். வீட்டுக்குப் பின்னால் நெல் விளைந்தாலும் நகரம்தான்.

அப்படி அறிவிக்கப்படாத ஊர்களுக்குக் கணக்கெடுப்புத் துறை தனி அளவுகோல் வைத்திருக்கிறது. 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மை உழைப்பாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. கடைசி நிபந்தனையைப் படித்ததும் கோவைத் தோழி கையைத் தூக்கினாள். "ஆண்கள் மட்டுமா?" ஆமாம், ஆண்கள் மட்டும்தான். இந்த மாவட்டத்தின் முந்திரி ஆலைகளில், இங்குள்ளவர்கள் அண்டி ஆபீஸ் என்று சொல்லும் இடங்களில், காலையிலிருந்து உட்கார்ந்து கொட்டை உடைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓர் ஊர் நகரமா இல்லையா என்று அளக்கும்போது அந்த உழைப்பு கணக்கில் வராது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பேராசிரியை அந்தக் கோபத்தைக் களக்குறிப்பு நோட்டில் எழுதச் சொன்னார், தேதி போட்டு.

மதியம் உள்ளித் தீயலும் சம்பா அரிசிச் சோறும். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி விழாமல் இருந்ததற்குக் காரணம் பிற்பகல் வகுப்புதான். ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கும் பயிற்சி. தருமபுரிக்காரர் என்னிடம் "உங்கள் வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும்?" என்று கேட்டார். நான் "மூணு நாளுக்கு ஒருதரம்" என்றேன். பேராசிரியை நிறுத்தினார். "கடைசியாக எப்போது வந்தது என்று கேளுங்கள். அதற்கு முந்தின தடவை எப்போது என்று கேளுங்கள்." கேட்டார். யோசித்துப் பார்த்தால் வெள்ளிக்கிழமை வந்தது, அதற்கு முன்னால் அந்த வாரத் தொடக்கத்திலேயே வந்து போயிருந்தது. 'வழக்கமாக' என்று கேட்டால் ஆட்கள் விதியைச் சொல்கிறார்கள். 'கடைசியாக' என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள். என் கேள்வித்தாளில் 'வழக்கமாக' வரும் இடங்களையெல்லாம் இரவு உட்கார்ந்து மாற்றினேன்.

ஜூலை 9, செவ்வாய். தேரூர்

காலை ஏழரைக்குப் பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் குழுவின் ஆண்கள் மட்டும் சீட்டு வாங்கினார்கள். நடத்துநர் எங்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கையில் வைத்திருந்த அட்டைகளைப் பார்த்து "என்ன கணக்கெடுப்பு?" என்றார். சொன்னோம். "இந்த பஸ்ஸுல எத்தன பேரு நிக்கான்னும் எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். அந்த ஊர்க் குளத்தையும் சுசீந்திரம் குளத்தையும் சேர்த்து 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். கரையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தாமரை இலைகள், மறுபக்கம் கன்னிப்பூப் பருவ நெல், அதற்கப்பால் மேகம் இறங்கிய மலை. மாவட்டத்தில் இன்னும் வயல் மிஞ்சியிருக்கும் இடங்களில் இது ஒன்று. நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் பேரூராட்சி எல்லைக்குள், ஆகவே நகரம்.

இன்றைய வேலை குறுக்குநடை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒருதரம் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: வீடு, கடை, குழாய், விளக்குக் கம்பம், வாறுகால், குப்பை, வயல். கேட்க எளிதாக இருக்கிறது. கோடு நேராகப் போகிறது, ஊர் அப்படிப் போகவில்லை. ஒரு இடத்தில் கோடு வாழைத்தோட்டத்துக்குள் போனது. அனுமதி கேட்க ஆளைத் தேடினோம். வீட்டுக்காரர் வந்து, கூடவே நடந்து, தன் தோட்டத்தில் மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று தானாகவே காட்டினார். சாலையை மேலே மேலே உயர்த்திப் போட்டதில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் உள்ளே வந்துவிடுகிறதாம். அது எங்கள் படிவத்தில் இல்லாத தகவல். 'பிற' என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்து, மதியத்துக்குள் அந்தக் கட்டம் நிரம்பி, தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டோம்.

சாரல் நின்று நின்று பெய்தது. கைபேசிகள் இருப்பிடத்தைப் பிடிக்கத் தடுமாறின. தென்னைக்கு அடியில் நின்று எடுத்த புள்ளி ஒன்று வரைபடத்தில் குளத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தது. அதனால் கருவி சொல்வதோடு அடையாளத்தையும் எழுதும் பழக்கம் அன்றே வந்துவிட்டது: 'வேப்பமரத்துக்கு எதிரே, நீலக் கதவு'.

சானல் என்று இங்கே சொல்லும் கால்வாயின் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேசியதை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. ஊரைப் பற்றி நாலு வார்த்தை கேட்கலாமா என்றேன். "கேளு மக்கா, கை வேல பாத்துக்கிட்டே சொல்லுதேன்" என்றார். வயல்வேலைக்குப் போகிறவர். நடவு, களையெடுப்பு காலத்தில் வேலை உண்டு. மற்ற நாளில் வீட்டில்தான். நூறு நாள் வேலை உண்டா என்று கேட்டேன். துணியைப் பிழிந்துவிட்டு எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, தன் மைனியை (அண்ணியை) பற்றிச் சொன்னார்.

"எங்க மைனி அங்கே பஞ்சாயத்துல இருக்கா. அவளுக்கு உண்டு. எனக்கு இல்ல. கேட்டா நீங்க டவுனுன்னு சொல்லுதாவ. அவ அறுக்கற வயலத்தான் நானும் அறுக்கேன்."

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டும் உரியது. தமிழ்நாட்டில் 2024-25-இல் அதன் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாயாக இருந்தது. நகர்ப்புறத்துக்கென்று மாநில அரசு சோதனை முயற்சியாக ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அது தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சட்டம் தரும் உரிமை, இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடையாது. 'நகர்மயமாக்கல் வறுமையைக் குறைக்கிறது' என்று நாங்கள் எவ்வளவோ கட்டுரைகள் படித்திருக்கிறோம். அந்த வரியை இனிமேல் படிக்கும்போதெல்லாம் இந்த அக்கா கை காட்டிய திசை எனக்கு நினைவுக்கு வரும். வந்தே தீர வேண்டும்.

டீக்கடையில் வயதானவர் ஒருவர் இன்னொன்று சொன்னார். "எடையில ரெண்டு வருஷம் எல்லாத்தையும் மறுபடியும் பஞ்சாயத்தா மாத்தினாவ, நினைவிருக்கா?" விடுதிக்கு வந்து சரிபார்த்தேன். 2004-இல் தமிழ்நாட்டின் 611 பேரூராட்சிகளில் 561-ஐச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள், மத்திய அரசின் ஊரக நிதியைப் பெறுவதற்காக. 2006-இல் ஆட்சி மாறியதும் எல்லாம் திரும்பப் பேரூராட்சி. அரசாணையில் இவ்வளவு எளிதாக முன்னும் பின்னும் போகிற ஒரு கோடு, மக்களுடைய கூலியையும் சொத்து வரியையும் வீட்டுத் திட்டத்தையும் தீர்மானிக்கிறது.

மட்டிப்பழம் ஒரு சீப்பு 50 ரூபாய். சிறிய பழம், தோல் மெல்லியது, வாசனை அறை முழுக்க. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் தின்று தீர்த்தோம்.

ஜூலை 10, புதன். மேற்கே ஒரு பேரூராட்சி

பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்று எங்களோடு நேரம் செலவிட்டவருக்குச் சிக்கல் வரலாம்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் நாலரைக்குக் கிளம்பினோம். ரப்பர் மரங்கள் தொடங்கும் மேட்டுப் பகுதி. மழைக்காலத்தில் பால் வெட்டுவதற்காக மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள். பயிற்சி என்னவென்றால், ஒரு தூய்மைப் பணியாளரை வேலை முடியும் வரை கூடவே போய்ப் பார்ப்பது. குறுக்கிடக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் என்ன நடக்கிறது என்று குறிக்க வேண்டும். முதல் நாளே அவரிடம் நோக்கத்தைச் சொல்லி, எந்த நேரத்திலும் 'போதும்' என்று சொல்லலாம் என்று ஒப்புதல் வாங்கியிருந்தோம். அப்படியிருந்தும் காலையில் பேராசிரியை மறுபடி கேட்டார். "இன்னைக்கும் சரிதானே அக்கா?" நேற்று சரி என்றவருக்கு இன்று உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், மேலதிகாரி கண்டித்திருக்கலாம் என்பதுதான் காரணம்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பேட்டரி வண்டி. விசில் அடித்துக்கொண்டே போகிறார். என் ஆய்வுத் திட்டத்தில் 'ஒரு பணியாளருக்கு இத்தனை வீடு' என்று ஒரு அளவு இருக்கிறது. தெருவில் வரிசையாக வீடு இருக்கும் ஊருக்கு அது பொருந்தும். இங்கே ஒவ்வொரு வீடும் தன் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் நிற்கிறது. சாலையிலிருந்து முடுக்கில் இறங்கி, மேடேறி, கேட்டைத் திறந்து, நாயைத் தாண்டி, வாளியை எடுத்துத் திரும்ப வேண்டும். நிமிடக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தபோது, குப்பையைக் கையாண்ட நேரத்தைவிட வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்த நேரம்தான் அதிகம். எந்த நிதி ஒதுக்கீட்டுச் சூத்திரத்திலும் இந்த நடைக்கு ஒரு கட்டம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஒரு ஏற்றத்தில் ஈர மண்ணில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி ஏறவில்லை. அக்கா இறங்கித் தள்ளினார். குறுக்கிடக் கூடாது என்ற விதியை விட்டுவிட்டு நாங்களும் தள்ளினோம். பேராசிரியை எங்களுக்கு முன்னாடியே கை கொடுத்திருந்தார். மேலே போனதும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"உங்க பேப்பர்ல ஏத்தம் எறக்கம் எழுத எடம் உண்டா?"

இல்லை. அங்கேயே பேனாவால் ஒரு கட்டம் சேர்த்தோம். எனக்குத் தெரிந்து என் ஆய்வுக்குக் கிடைத்த மிக நல்ல திருத்தம் அதுதான், அதைச் சொன்னவர் அவர்.

இன்னொன்றையும் கவனித்தேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மட்கும், மட்காத, வீட்டு அபாயக் கழிவு. இங்கே மட்கும் குப்பை பெரும்பாலும் வாளிக்கு வருவதே இல்லை, தென்னை மூட்டிலோ குழியிலோ போய்விடுகிறது. வருவது பிளாஸ்டிக் உறை, பால் கவர், குழந்தைகளின் டயப்பர், சானிட்டரி நாப்கின். ஆளுக்கு இவ்வளவு கிராம் என்று பெருநகரக் கணக்கைக் கொண்டுவந்து இங்கே பெருக்கினால், குப்பையைப் பிரித்து உரமாக்கும் பேரூராட்சியின் வளம் மீட்புப் பூங்காவில் உரத்தொட்டி காலியாகக் கிடக்கும், டயப்பரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வீட்டில் வயதான அம்மா எங்கள் எல்லோரையும் திண்ணையில் இருத்தி "வெள்ளம் குடிக்கியளா, காப்பி போடட்டா?" என்று கேட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். அக்காவுக்கும் அதே டம்ளர், அதே திண்ணை. இதைக் குறிப்பிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் வாளியைக் காலால் நகர்த்தினார்கள். அதையும் நிமிடக் குறிப்பில் எழுதினோம்.

ஜூலை 11, வியாழன். குளச்சல்

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சலில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. கடல் கரும்பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வள்ளங்கள் போகலாம், ஆனால் அன்று அலையைப் பார்த்துவிட்டு யாரும் இறங்கவில்லை. 1741-இல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்ததற்கான வெற்றித்தூண் இங்கே இருக்கிறது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடியிருப்புக்குள் போனோம்.

நேற்றைய ஊருக்கு நேர் எதிர். வீடுகள் சுவரோடு சுவர். வலப்பக்கமாகவே நடந்து இத்தனையாவது வீடு என்று எண்ணி மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கே வேலை செய்யும் என்று நினைத்தோம். ஆனால் ஒரு வாசலுக்குள் அப்பா கீழே, மூத்த மகன் மாடியில், இளையவன் பின்கட்டில். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் எத்தனை அடுப்பு என்று கேட்க வேண்டும். கேட்டோம். "மழைக்காலத்துல ஒண்ணு, மத்த நேரம் மூணு" என்று பதில் வந்தது. வீட்டு ஆண்கள் சிலர் வளைகுடாவில், சிலர் கேரளத் துறைமுகங்களில். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வந்து போகிற ஒருவர்தான் குடும்பத் தலைவர் என்று ஒரு மனைவி உறுதியாகச் சொன்னார். வீட்டின் எல்லாக் காரியத்தையும் பார்ப்பவரோ அந்த மனைவிதான். இரண்டையும் எழுதிக்கொண்டோம்: யார் தலைவர் என்று சொல்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள்.

கத்தோலிக்கத் தேவாலயப் பங்கில் வீடுகளை அன்பியங்கள் என்ற சிறு குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு அன்பியத்தின் பொறுப்பாளர் பெண்மணி எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் கடலில், யார் பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று வாயாலேயே சொன்னார். எந்த அரசுப் பட்டியலும் அவ்வளவு புதிதாக இருக்காது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த 2024 ஜூலை வரை நடக்கவில்லை. நாடே 2011 எண்களை வைத்துத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அன்பியத்தில் சேராத குடும்பங்களும் உண்டு, குளச்சலில் இஸ்லாமியக் குடியிருப்பும் பெரியது. ஒரு பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் யார் விடுபடுகிறார்கள் என்று கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அதற்கு அடுத்த வீட்டில்தான் அந்தக் கேள்வி வந்தது. மீன் விற்கும் பாட்டி ஒருவர். நான் ஒப்புதல் வாசகத்தைப் படித்து முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"சுனாமிக்கு அப்புறம் எத்தன பேரு வந்தாவ தெரியுமா மக்கா? ஒக்கிக்கு அப்புறமும் வந்தாவ. எல்லாரும் எழுதிட்டுப் போனாவ. என்ன எழுதினாவன்னு திரும்பி வந்து ஒருத்தரும் சொல்லல்ல. நீ வந்து சொல்லுவியா?"

2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் என்ன செய்தது என்பது தெரியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னாலும் படிவங்களோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள், அதில் எங்களைப் போன்ற முனைவர் பட்ட மாணவர்களும் இருந்திருப்பார்கள். நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. "வந்து சொல்லுவேன் பாட்டி" என்றேன். "செரி, அப்ப எழுது" என்றார். ஒரு மணி நேரம் பேசினார்.

திரும்பும்போது செருப்பு அறுந்தது. மழையில் ஒரு காலில் நடந்து போய்ச் சந்தையோரம் தைப்பவரைக் கண்டுபிடித்தேன். இருபது ரூபாய் நீட்டினால் பத்து போதும் என்று திருப்பித் தந்தார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு: சோறு, நெத்திலி வறுவல், தேங்காய் அரைத்த மீன் கறி, 130 ரூபாய். தடைக்காலம், அதனால் மீன் விலை ஏறிக் கிடக்கிறது என்று கடைக்கார அண்ணாச்சி தானே விளக்கம் சொன்னார்.

ஜூலை 12, வெள்ளி. மழை

விடிந்ததிலிருந்து விடாத மழை. தருமபுரிக்காரருக்குக் காய்ச்சல். எல்லோரும் விடுதியிலேயே உட்கார்ந்து தரவைச் சரிபார்த்தோம். கோபோ டூல்பாக்ஸ் என்ற தரவு சேகரிப்புச் செயலியில் ஏற்றியதையும் தாளில் எழுதியதையும் ஒப்பிடுவது, பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் போன் செய்து இரண்டு கேள்வியை மறுபடி கேட்பது. சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாத ஆய்வை நான் இனி நம்ப மாட்டேன். இரண்டு முறை மின்சாரம் போனது. பிற்பகலில் ஒரு பேரூராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் படித்தோம். கிடைக்காத பக்கங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதினோம்: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இரவு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சியும் பயறும் விடுதிச் சமையல் அக்கா தனியாக வைத்துக் கொடுத்தார்.

ஜூலை 13, சனி. மறுபடியும் தேரூர்

கண்டதை ஊர்க்காரர்களிடமே காட்டும் நாள். பெரிய தாளில் வரைந்த குறுக்குநடை வரைபடத்தைச் சுவரில் ஒட்டினோம். இருபது முப்பது பேர் வந்தார்கள். வந்த வேகத்தில் வரைபடத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் குளத்தின் மறுகால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று விரலால் கோடு போட்டார். வாழைத்தோட்டத்துக்காரரும் அதையே சொன்னார். இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் விவாதம். இரண்டு கோட்டையும் வரைந்து, யார் எதைச் சொன்னார்கள் என்று குறித்து வைத்தோம்.

சானல் கரை அக்காவும் வந்திருந்தார். "இத எங்க கொடுப்பிய?" என்று கேட்டார். பேராசிரியை நேராகப் பதில் சொன்னார்: செயல் அலுவலரிடமும் வார்டு உறுப்பினர்களிடமும் ஒரு பிரதி, பேரூராட்சிகள் துறைக்கு ஒரு பிரதி. வேலைத் திட்டம் வருமா என்பதை நாங்கள் சொல்ல முடியாது, ஆனால் எல்லையின் இரு பக்கத்துக் கூலி நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவோம். அக்கா யோசித்துவிட்டு, தன் மைனியின் வேலை அட்டையையும் பார்த்து எழுதச் சொன்னார். கோவைத் தோழியும் நானும் அவரோடு நடந்து போனோம். மைனி அட்டையைத் துணிப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். எத்தனை நாள், எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது என்று எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டோம்.

சாயந்திர ரயிலில் எழுதுகிறேன். குளச்சலுக்கு செப்டம்பரில் போவதாக முடிவு. அதற்குள் விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கும், பாட்டியும் சந்தையில் இருப்பார், அதனால் ஞாயிறு பிற்பகல் போக வேண்டும். இரண்டு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அறிக்கை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்களே படித்துச் சொல்ல வேண்டும். அடுப்புக் கணக்குப் பகுதியைக் கோவைத் தோழி எழுதுகிறாள், மீதி என் பொறுப்பு. என் ஆய்வுத் திட்டத்தில் 'வீட்டுக்கு வீடு தூரம்', 'ஏற்ற இறக்கம்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்து நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன்.